“ரொம்ப கனமா இருந்துச்சு” என்றான் பையன்: நண்பன் வீட்டுத் துப்பாக்கி பற்றி எப்படிக் கேட்பது?

நிலாமுற்றம்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக மனசு ஒரு நிலையில் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது. போன சனிக்கிழமை நண்பன் வீட்டுக்கு விளையாடப் போனான். சாயங்காலம் வந்து கை கழுவிக்கொண்டே சொல்கிறான், “அம்மா, அவங்க அப்பா கட்டில் பக்கத்து டிராயர்ல துப்பாக்கி இருக்கும்மா, நிஜத் துப்பாக்கி.” நான் துண்டை நீட்டியபடி, சும்மா கேட்பது போல “நிஜம்னு உனக்கு எப்படிடா தெரியும்” என்றேன். “பொம்மை மாதிரி இல்லம்மா, ரொம்ப கனமா இருந்துச்சு” என்றான்.

கனமாக இருந்தது என்பது தூக்கிப் பார்த்தவனுக்குத்தானே தெரியும்.

நான் திட்டவில்லை. திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டான் என்று பயம். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதில் முழுசும் வந்தது. நண்பன்தான் எடுத்துக் காட்டினானாம், இரண்டு பேரும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தார்களாம், நண்பனின் தங்கை, நான்கு வயதுக் குழந்தை, கதவருகில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாளாம். அன்று இரவு அவன் தூங்கின பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை, அவன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் “இதைப் பேசிச் சண்டையாக்க வேண்டாம், இனிமேல் அனுப்பாமல் விட்டால் போச்சு” என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நம் பையன் போகமாட்டான், சரி. அந்த இரண்டு குழந்தைகளும் அங்கேயேதானே இருக்கிறார்கள்? ஆனால் அந்த அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எங்களுக்கு அவசரத்தில் எத்தனையோ முறை கைகொடுத்த குடும்பம். வாயைத் திறந்தாலே குற்றம் சொல்வது போல ஆகிவிடுமோ என்று தயக்கம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தென்றல்_வீதி

அக்கா, இன்றைக்கே பேசுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள், நாளைக்கும் அந்த டிராயர் திறந்துதான் இருக்கும்.

எப்படி ஆரம்பிப்பது என்பதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன். எங்கள் மகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. அதனால் எந்த வீட்டுக்கு அனுப்பினாலும் முன்னாடியே போன் பண்ணி நாலு விஷயம் கேட்டுவிடுவேன்: சாப்பாட்டில் கடலை இருக்குமா, நாய் இருக்கிறதா, நீச்சல் குளம் இருந்தால் கதவு பூட்டியிருக்குமா, வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா. நாலையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டால் யாருக்கும் உறுத்தாது. “துப்பாக்கி இருக்கிறதா” என்று கேட்கமாட்டேன், “இருந்தால் பூட்டியிருக்கிறதா” என்றுதான் கேட்பேன். வைத்திருப்பது அவர்கள் உரிமை, அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. பூட்டாமல் இருந்தால்தான் என் பிள்ளையைப் பற்றிய விஷயமாகிறது. அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள் பல வருஷமாகப் பெற்றோரிடம் இதைத்தான் சொல்கிறார்கள், விளையாட அனுப்புவதற்கு முன் கேளுங்கள் என்று. அதற்காகவே ஜூன் 21ஆம் தேதியைக் ‘கேட்கும் நாள்’ என்று வைத்திருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. அதனால் சுற்றி வளைக்க வேண்டாம். “என் பையனும் உங்க பையனும் சேர்ந்து எடுத்துப் பார்த்திருக்காங்க, என் பையன் செஞ்சதுக்கும் சேர்த்துத்தான் பேசுறேன்” என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

கதிரவன்_வாத்தியார்

எல்லோரும் பதறுகிறீர்கள். நான் சொல்வது பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்கிறேன். என் அப்பா துப்பாக்கி வைத்திருந்தார், சுவரில் ஆணியடித்து மாட்டியிருப்பார். நாங்கள் நாலு பிள்ளைகள். “தொட்டால் கை இருக்காது” என்று ஒரு முறை சொன்னார், அவ்வளவுதான், ஒருத்தரும் தொட்டதில்லை. ஒளித்து ஒளித்து வைத்தால்தான் பிள்ளைகளுக்கு ஆசை வரும். இது ஆபத்தானது, தொடக்கூடாது, பார்த்தால் பெரியவர்களைக் கூப்பிடு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தால் எந்தப் பூட்டும் தேவையில்லை. வளர்ப்பில் இருக்கிறது எல்லாம்.

செவிலி_மங்கை

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன், இந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பதினோரு வருஷமாகக் குழந்தைகள் அவசரப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். இப்படிக் காயத்தோடு வரும் பிள்ளையின் அப்பா அம்மா வாயில் முதலில் வருவது அநேகமாக ஒரே பேச்சுதான்: “அவன் எடுப்பான்னு நாங்க நினைக்கவே இல்லை.” வளர்ப்பு சரியில்லாத வீடுகள் இல்லை ஐயா. வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிற பெற்றோர்தான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2001இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு. 8 முதல் 12 வயது வரை 64 பையன்கள், இரண்டு மூன்று பேராக 29 குழுக்கள். ஒரு அறையில் விட்டுவிட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். அறையின் டிராயர்களில் தண்ணீர்த் துப்பாக்கியும் இருந்தது, சுடாதபடி ஆக்கிய நிஜக் கைத்துப்பாக்கியும் இருந்தது. கொடுத்த நேரம் 15 நிமிடம். 21 குழுக்கள் நிஜத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தன. அதில் 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் ஒருவனாவது விசையை இழுத்துப் பார்த்தான். எடுத்த, இழுத்த பையன்களில் 90 சதவீதத்துக்கும் மேல், துப்பாக்கியைப் பற்றி ஏற்கெனவே அறிவுரை கேட்டு வளர்ந்தவர்கள். கண்டுபிடித்தவர்களில் பாதிப் பேருக்கு அது பொம்மையா நிஜமா என்பதே தெளிவில்லை.

சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் சொல்லிக் கொடுத்ததைப் பூட்டாக எண்ணிக்கொள்ளாதீர்கள். நண்பன் பக்கத்தில் நிற்கும்போது, அறைக்கதவு சாத்தியிருக்கும்போது, அந்த அரை நிமிஷத்தில் பிள்ளைக்கு நம் குரல் ஞாபகம் வரும் என்று எதை வைத்துச் சொல்வது?

நிலாமுற்றம், அந்த நான்கு வயதுக் குழந்தையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதுதான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. அவ்வளவு சின்னக் கைக்கு விசையை இழுக்கப் பலம் இருக்காது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். 1995இல் வந்த ஒரு ஆய்வில் 3–4 வயதுக் குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கும், 5–6 வயதில் பத்தில் ஏழு பேருக்கும், 7–8 வயதில் பத்தில் ஒன்பது பேருக்கும் பல கைத்துப்பாக்கிகளை இயக்கப் போதிய விரல் பலம் இருந்தது. அதோடு சின்னக் குழந்தை பெரியவர்கள் மாதிரிப் பிடிக்காது. குழல் தன் பக்கம் பார்த்திருக்க, இரண்டு கட்டை விரலாலும் விசையை அமுக்கும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு முடியவில்லை.

காட்டுவழி

நான் துப்பாக்கி வைத்திருப்பவன், வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும். இருபது வருஷமாக. துப்பாக்கி வேண்டாம் என்று சொல்பவன் இல்லை, அதனால்தான் பேசுகிறேன்.

என்னை மாற்றியது ஒரே ஒரு ராத்திரி. பிஸ்டலைத் துடைக்கலாம் என்று கட்டிலில் பழைய துணியை விரித்து உட்கார்ந்தேன். மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியை, கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டேன். கழற்றியாச்சு, காலிதானே என்ற நினைப்பு. பழக்கத்தில் ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியை, பின்னால் இழுத்தேன். துணி மேல் ஒரு தோட்டா உருண்டு வந்து விழுந்தது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடத்தில், ஒன்று உட்கார்ந்திருந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று எனக்கே தெரியாது. அந்தத் தோட்டா விழுந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி என் மகள் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆனது.

மேகசின் இல்லாவிட்டாலும் சேம்பரில் தோட்டா இருந்தால் பெரும்பாலான பிஸ்டல்கள் சுடும். இது தெரியாமல் “மேகசினைத் தனியா வச்சிருக்கேன்” என்று நிம்மதியாக இருக்கும் அப்பாக்கள் ஏராளம்.

இப்போது என் வீட்டில் துப்பாக்கிகள் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில், காலியாக. தோட்டா வேறு அறையில், வேறு பெட்டியில், வேறு எண்ணில். ஜப்பானில் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்ட வேண்டும் என்பது சட்டமாகவே இருக்கிறது, போலீஸ் வந்து பார்க்கவும் செய்வார்கள். 2005இல் அமெரிக்க ஆய்வு ஒன்றும் இதையே சொல்கிறது: துப்பாக்கியைப் பூட்டுவது, காலியாக வைப்பது, தோட்டாவைப் பூட்டுவது, இரண்டையும் பிரித்து வைப்பது, இந்த நாலில் ஒவ்வொன்றும் தனியாகவே பிள்ளைகளுக்கு ஆபத்தைக் குறைக்கிறது. ஆகவே, எல்லாம் ஒரே நாளில் முடியாதவர்கள் ஒன்றையாவது இன்று செய்யுங்கள்.

பெட்டி வாங்கக் கையில் பணம் இல்லை என்றால் கேபிள் பூட்டு போடலாம். கேபிள் துப்பாக்கிக்குள்ளேயே நுழைந்து வருவதால் ஸ்லைடு மூடாது. ஆனால் விசை மேல் மாட்டுகிற பூட்டைத் தோட்டா ஏற்றிய துப்பாக்கியில் ஒருபோதும் போடாதீர்கள், போடும்போதே விசை அழுந்தலாம். எண் பூட்டு என்றால் பிள்ளையின் பிறந்தநாள் வேண்டாம், கார் எண் வேண்டாம், பிள்ளைகள் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான்.

கதிரவன்_வாத்தியார்

சரி, ஒரு கேள்வி. திருடன் வந்துவிட்டான். தூக்கத்தில் எழுந்து ஒரு பெட்டியைத் திறந்து, இன்னொரு அறைக்குப் போய் இன்னொரு பெட்டியைத் திறந்து தோட்டா போட்டு... அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பாதுகாப்புக்கு வைத்திருப்பவன் என்ன செய்வான்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

காட்டுவழி

நியாயமான கேள்விதான் ஐயா. பாதுகாப்புக்கென்று ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, நாலு பொத்தானை அழுத்தினால் சட்டென்று திறக்கும் சின்னப் பெட்டி இருக்கிறது. கட்டில் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு பழகினால் இரண்டு மூன்று நொடிதான். நானே இருட்டில் பழகிப் பார்த்திருக்கிறேன். தனித்தனியாகப் பூட்டுவதற்கு அது ஈடாகாது, ஆனால் டிராயரை விட எவ்வளவோ மேல்.

அந்த இரண்டு நொடியை மிச்சம் பிடிக்கத்தான் டிராயரில் வைக்கிறோம். திருடன் வருகிற ராத்திரி வரலாம், வராமலும் போகலாம். பிள்ளை தினமும் வீட்டில் இருக்கிறது. துப்பாக்கி ஒன்று என் உடம்போடு, என் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், இல்லை பூட்டில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு இடம் கிடையாது என்பதுதான் நான் பழகியிருக்கும் விதி.

யாழ்நரம்பு

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அப்பா பூட்டித்தான் வைத்திருந்தார். இரும்பு அலமாரி, நல்ல பூட்டு. சாவியை ஷேவிங் பெட்டிக்குள், பிளேடு பாக்கெட்டுக்கு அடியில் வைப்பார். எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். என் தம்பிக்கும் தெரியும். அப்பா அலுவலகம் போன பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எண்ணெய் வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. பிறகு துணியால் துடைத்து அதே மாதிரி வைத்துவிடுவோம், கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது வரைக்கும் கவனித்து.

போன வருஷம் அப்பாவிடம் சொன்னேன். எழுபது வயதில் அவர் முகம் மாறியதைப் பார்க்கணும். “உங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு சத்தியம் பண்ணியிருப்பேனேம்மா” என்றார்.

கதிரவன் ஐயா, நீங்களும் உங்கள் சகோதரர்களும் தொட்டதில்லை என்கிறீர்கள். உங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மற்ற மூன்று பேரிடமும் ஒரு முறை கேட்டுப் பாருங்களேன்.

செவிலி_மங்கை

யாழ்நரம்பு சொல்வது அவர்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2006இல் அலபாமாவில் ஒரு ஆய்வு, பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். “எங்கே வைத்திருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது” என்ற பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள், தெரியும் என்றார்கள். “பிள்ளை தொட்டதே இல்லை” என்றவர்களில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறோம் என்றார்கள்.

வாய்தா

சட்டப் பக்கம் கொஞ்சம். பிள்ளை செய்ததற்குப் பெற்றோரா பொறுப்பு என்று கேட்பவர்களுக்காக. அமெரிக்காவில், பிள்ளை கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைத்தால் குற்றம் என்று முதலில் சட்டம் போட்டது ஃபுளோரிடா, 1989இல். பிறகு பல மாநிலங்கள். ஆனாலும் வெகுகாலம் பெரிய தண்டனை அபூர்வம்தான், “பாவம், ஏற்கெனவே நொந்துபோன குடும்பம்” என்று விட்டுவிடுவார்கள்.

மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயதுப் பையன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். நான்கு நாளைக்கு முன்னால்தான் அப்பா அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்தார். அன்று காலையே பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு, பையன் வரைந்து வைத்திருந்ததைக் காட்டிப் பேசியிருக்கிறார்கள். பெற்றோர் பையனை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை, புதுத் துப்பாக்கி பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசாரணையில் வெளிவந்ததில் என்னால் மறக்க முடியாதது, கேபிள் பூட்டு பிரிக்காத உறையோடு அப்படியே கிடைத்தது என்பது. 2024 ஏப்ரலில் தாய், தந்தை இருவருக்கும் 10 முதல் 15 வருஷச் சிறை. பள்ளியில் பிள்ளை நடத்திய இப்படிப்பட்ட துப்பாக்கிச்சூட்டுக்கு, பெற்றோரை மரணத்துக்குப் பொறுப்பாளியாக்கித் தண்டித்தது அந்த நாட்டில் அதுதான் முதல் முறை.

சட்டத்துக்குப் பயந்து பூட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த உறையைப் பிரிக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

பனிக்கால_நதி

சின்னப் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம். வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இதைப் பேச எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

என் அண்ணன் மகன், அப்போது பதினாறு வயது. சாப்பிடுவது குறைந்தது, அறையை விட்டு வரமாட்டான், நண்பர்கள் போன் பண்ணினால் எடுக்கமாட்டான். பரீட்சைப் பயம் என்று எல்லோரும் நினைத்தோம். அண்ணிதான் ஒரு நாள் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் மூன்றாவது கேள்வியாக “வீட்டில் துப்பாக்கி இருக்கா” என்று கேட்டாராம். பூட்டித்தான் இருக்கிறது, எண் பையனுக்கும் தெரியும் என்று அண்ணி சொன்னதும், இன்றைக்கே வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள், அவன் தேறும்வரை திரும்ப வரவேண்டாம் என்றாராம். அண்ணன் அன்று மாலையே சட்டப்படி ஒப்படைக்க வேண்டிய இடத்தில் ஒப்படைத்தார். எட்டு மாதம் அது வீட்டில் இல்லை.

அந்த எட்டு மாதத்தில் மிக மோசமான இரவுகள் இரண்டு மூன்று வந்தன. வந்தன, போயின. இப்போது அவனுக்கு இருபத்திரண்டு. “அன்னிக்கு அது வீட்டில இல்லாதது நல்லதாப் போச்சு அத்தை” என்று அவனே என்னிடம் சொன்னான். பிள்ளை முகம் வாடியிருந்தால் எண்ணை மாற்றுங்கள், முடிந்தால் வீட்டை விட்டே கொஞ்ச காலம் அனுப்பிவிடுங்கள், பிள்ளையைத் தனியாக விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவனை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடாது.

கதிரவன்_வாத்தியார்

எல்லாவற்றையும் படித்தேன். தம்பிக்குப் போன் போட்டேன். யாழ்நரம்பு கேட்டதற்காகத்தான். முதலில் சிரித்தான். பிறகு, அப்பா ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் நாற்காலி போட்டு எடுத்து வாசல் வரைக்கும் கொண்டுபோனதாகச் சொன்னான். ஐம்பத்து நான்கு வருஷம் கழித்து இப்போதுதான் தெரிகிறது.

வளர்ப்பு பற்றி நான் சொன்னதை முழுதாக விட்டுவிடவில்லை. ஆனால் பேத்தி வருகிற நாட்களில் என் துப்பாக்கியைப் பூட்டிவிடுவேன்.

காட்டுவழி

ஐயா, உரிமையோடு கேட்கிறேன், எல்லா நாளும் பூட்டுங்கள். பேத்தி சொல்லிக்கொள்ளாமல் வருகிற நாள்தான் நீங்கள் மறக்கிற நாளாக இருக்கும்.

நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று பேசிவிட்டேன். தென்றல் சொன்ன மாதிரியே, என் பையன் செய்ததையும் சேர்த்துச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, போன் துண்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, “அவர் அலமாரி மேல்தட்டுல வச்சிருக்கார்னுதான் நான் இவ்வளவு நாளா நினைச்சிட்டிருக்கேன்” என்றார். அழுதுவிட்டார். தங்கச்சி கதவருகே நின்றதைச் சொன்னபோதுதான் அழுதார்.

ராத்திரி அவர் கணவரே கூப்பிட்டார். முதல் ரெண்டு நிமிஷம் குரலில் கோபம் இருந்தது, என் பையன் ஏன் அடுத்தவர் டிராயரைத் திறக்க வேண்டும் என்று. திறந்தது யார் என்று நான் வாதாடவில்லை. “நீங்கள் இப்போதே ஒரு முறை எடுத்துப் பாருங்கள், மேகசினைக் கழற்றின பிறகு சேம்பரையும்” என்று மட்டும் கேட்டேன், காட்டுவழி அண்ணன் எழுதியதைப் படித்திருந்ததால். லைனிலேயே இருந்தார். டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது, அப்புறம் உலோகச் சத்தம். “ஒண்ணு இருந்திருக்கு” என்றார். அதற்குப் பிறகு அவர் குரலில் கோபம் இல்லை. இன்று காலை பெட்டி வாங்கி, கட்டில் சட்டத்தோடு இறுக்கி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கொஞ்ச நாளைக்குப் பிள்ளைகள் எங்கள் வீட்டிலேயே விளையாடட்டும் என்று அவர் மனைவியும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

வைக்கும் முன் அவர் மனைவி என்னிடம் ஒன்று கேட்டார். “இங்க துப்பாக்கி பத்திக் கேட்டீங்க, உங்க வீட்ல மருந்து மாத்திரையெல்லாம் எங்க இருக்கும்? பொண்ணும் கூட வருவா.” திரும்பிப் பார்த்தேன். மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை சாப்பாட்டு மேஜையின் மேலேயே, மூடி திறந்த டப்பாவில் இருந்தது. போனை வைப்பதற்குள் எடுத்து உள்ளே பூட்டிவிட்டேன்.